அம்மிக்கல் இருந்த இடம்

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் அம்மாவின் கல் அந்த வெள்ளி நாணயத்தில் இருந்திருக்கும். ஆனால் என் வாய் எப்போது மூடியிருந்தது? நாணயச்சாலையில் எனக்கு வைத்திருக்கிற பெயரே அடுப்பு. முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு காதுபடவே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் வேலை அச்சுகளுக்கு மெருகு போடுவது. அச்சு என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகுக் கட்டை. நாணயத்தில் மேடாகத் தெரிவதெல்லாம் அச்சில் பள்ளமாக இருக்கும். சேகரிப்பவர்களுக்காக அடிக்கும் வெள்ளி நாணயத்தில் படம் இல்லாத வெற்றுத்தளம் முழுவதும் முகம் பார்க்கும் கண்ணாடியாக மின்ன வேண்டும். மரம், மான் என்று படமாக இருப்பது மட்டும் பனி படிந்தது போல வெண்மையாக நிற்க வேண்டும். அந்தக் கண்ணாடியை உண்டாக்குகிறவள் நான். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, வைரப் பசையைத் தொட்டுத் தொட்டு, மரக்குச்சியால் தேய்க்க வேண்டும். இவ்வளவு கோபக்காரிக்கு இவ்வளவு பொறுமையான வேலையா என்று கேட்பார்கள். கோபத்தையும் சேர்த்துத்தான் தேய்க்கிறேன் என்பேன்.

தேசியப் பூங்காவின் ஆண்டு விழாவுக்கு வெள்ளி நாணயம் அடிக்கப்போகிறோம் என்று எங்கள் மேற்பார்வையாளர் வந்து சொன்னார். அவருக்கும் பட்டப்பெயர் உண்டு. எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் அவர் பெயரே மெதுவா. எந்தப் பூங்கா என்று அவர் சொன்னதும் நான் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் பிறந்தது அந்தப் பூங்காவுக்குள். அப்போது அது பூங்கா இல்லை. ஏரிக்கரையில் வீடுகள் இருந்தன, அதில் ஒன்று எங்களுடையது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். கரையில் அடியிலிருந்தே இரண்டாகப் பிளந்து நிற்கும் ஒரு மரத்தின் கீழே புதைத்தார்கள். தலைமாட்டில் வைக்க வேறு கல் கிடைக்காமல், அவள் அரைத்துக்கொண்டிருந்த அம்மிக்கல்லையே அப்பா தோளில் சுமந்துபோய் நிறுத்தி நட்டார். அடுத்த வருஷம் லாரிகள் வந்தன. எல்லாரையும் ஏற்றினார்கள். "எப்ப வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போகலாம்" என்று ஏற்றியவர்கள் சொன்னார்கள். பிறகு பாதையின் குறுக்கே சங்கிலியைக் கட்டிப் பூட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் போகவே இல்லை.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அதாவது, அப்போது இருந்தார். நுரையீரல் கெட்டுப்போய், நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், ஒரே ஒன்று கேட்டார்.

"என்னை அவ பக்கத்துல வச்சிடும்மா."

"அவ்வளவு பிடிக்குமாப்பா அந்த இடம்?"

"யாருக்குப் பிடிக்கும்? அட்டைக் கடி. கரடி பயம். இருட்டுனா ஒண்ணுக்குப் போகக்கூட ஆள் துணை வேணும். காடு யாருக்கு வேணும்? அவ பக்கத்துல ஆறடி போதும்."

அனுமதி கேட்கப் பூங்கா அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரியின் அறையில் சுவர் முழுவதும் பறவைப் படங்கள். மனிதர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அந்த இடத்துல ஜனங்க யாரும் குடியிருந்ததே இல்லையேம்மா."

"நான் அங்கதான் சார் பொறந்தேன்."

"அப்படி எங்ககிட்ட எதுவும் பதிவாகலையே."

"அப்போ நான் எங்க பொறந்தேன்? உங்க மேசை மேலயா?"

மணியை அடித்து ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன். மனு கொடுக்கலாம், பரிசீலிக்கலாம் என்று வாசலில் இருந்தவன் ஏதோ சொன்னான். அவனையும் திட்டிவிட்டுத்தான் பேருந்து ஏறினேன். பாவம், அவன் என்ன செய்தான்.

இப்படி வயிறெரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்த நாணய வேலை எங்கள் நாணயச்சாலைக்கு வந்தது.

மாடியில் எங்கள் ஓவியக்காரி இருக்கிறாள். நாணயத்துக்கான படத்தை முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுண்ணக்கட்டியில் செதுக்குவாள். பிறகு இயந்திரம் அதைச் சிறிதாக்கி எஃகில் வெட்டும். ஒருநாள் "அக்கா, வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். போனேன். ஏரி. கரை. தண்ணீர் குடிக்கிற மான். இரண்டாகப் பிளந்த மரம். மரத்தின் கீழே, இடது பக்கமாகச் சாய்ந்தபடி, நீள்சதுரமாக ஒரு கல்.

"இது எங்கேருந்து எடுத்தே?" என்றேன்.

"பூங்கா ஆபீஸ்லயே குடுத்த பழைய போட்டோக்கா. அந்தக் கல்லு நல்லா இருக்கு இல்ல? எல்லாம் வளைவு வளைவா இருக்கிற எடத்துல அது மட்டும் நேரா நிக்குது. ரசிச்சுச் செதுக்கினேன்."

நான் சுண்ணக்கட்டியின் மேல் கையை வைத்தேன். அவள் பதறி என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா கட்டிலில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னதும் ரேடியோவை நிறுத்தினார்.

"சாஞ்சு நிக்குதா?"

"ஆமாப்பா. இடது பக்கமா."

"அப்போ அவதான்." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "நட்ட அன்னிக்கே சாஞ்சுது. நிமித்தி நிமித்திப் பாத்தேன், கேக்கல. உயிரோட இருக்கும்போது மட்டும் என் பேச்சைக் கேட்டாளா? அந்த அம்மிய பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவ கேட்டதுக்கு ஒரு மாசம் பேசாம இருந்தவ."

தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "கவர்மெண்டே வெள்ளியில அடிக்குதுன்னா, அவ அங்க இருக்கான்னு ஒத்துக்கிட்டாங்கன்னுதானேம்மா அர்த்தம்? இனிமே எப்படி இல்லன்னு சொல்லுவாங்க?" என்றார்.

அதுவரை எனக்குத் தோன்றாத விஷயம் அது. ஆமாம், எப்படிச் சொல்வார்கள்? அன்றைக்கு இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அச்சு தயாரானது. சோதனைக்காக ஒரு நாணயம் அடித்தோம். பூங்கா அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அதன்பிறகுதான் மற்றவை. அதே மனிதர்தான் வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, அல்லது தெரியாதது போல இருந்தார். கையுறை போட்டுக்கொண்டு, லென்ஸை வைத்து நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் மெதுவா அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓவியக்காரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம்" என்றார் அதிகாரி. "அப்படியே இருக்கு. ஒரு மனுஷக் கால் படாத காடு. அந்த அமைதி வந்திருக்கு பாருங்க."

ஓவியக்காரிக்கு முகம் மலர்ந்தது. மெதுவாவும் தலையை ஆட்டினார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"சார், மரத்தடியில ஒரு கல்லு இருக்கே, பாத்தீங்களா?"

"மெதுவா, மெதுவா" என்றார் மெதுவா, என் பக்கம் திரும்பாமலே.

"பாத்தேனே. இயற்கையா அமைஞ்ச பாறை."

"இயற்கையாவா? அது அம்மிக்கல்லு சார். காட்டுல அம்மிக்கல்லு முளைக்குமா? மான் வந்து மசாலா அரைச்சுதா? எங்கம்மாவை அங்க புதைச்சு எங்கப்பா நட்ட கல்லு அது. உங்க ரூம்ல வந்து கேட்டேனே, யாருமே இருந்ததில்லன்னு சொன்னீங்களே. இப்போ நீங்களே வெள்ளியில அடிச்சு வச்சிருக்கீங்க. இனிமே என்ன சொல்லுவீங்க?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதிகாரி லென்ஸை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை நாணயத்தைத் திருப்பவில்லை. ஒரே இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸைக் கீழே வைத்தார். மெதுவாவிடம் சொன்னார்:

"இந்தக் கல்லை எடுத்துடுங்க. அந்த மூலையில படம் கொஞ்சம் நெரிசலா இருக்கு."

"சார், போட்டோவுல இருக்கே…" என்றாள் ஓவியக்காரி.

"போட்டோவுல ஆயிரம் இருக்கும்மா. எடுத்துடுங்க."

கையுறையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏதோ சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடச் சொன்னது போலச் சொல்லிவிட்டுப் போனார். என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு பாறை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தவரை அம்மா பத்திரமாக இருந்தாள். அவளைக் காட்டிக்கொடுத்தது என் வாய்தான்.

விழாத் தேதி குறித்தாயிற்று, புது அச்சு வெட்ட நேரமில்லை. இருக்கிற அச்சிலேயே கல்லை எடுக்க வேண்டும். கல் இருக்கும் இடத்தில் அச்சில் மெல்லிய பள்ளம். சுற்றியுள்ள தளத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் கல் காணாமல் போய்விடும். அது மெருகு மேசையின் வேலை. என் வேலை.

"முடியாது" என்றேன்.

"மெதுவாப் பேசும்மா" என்றார் மெதுவா. "உன் கஷ்டம் புரியாமலா இருக்கு எனக்கு? மேலேருந்து சொல்லிட்டாங்க. நீ செய்யலேன்னா பக்கத்து மேசைக்காரன்தான் செய்வான்."

பக்கத்து மேசைக்காரனைப் பார்த்தேன். மெருகுக் குச்சியைத் துடைப்பக் குச்சி மாதிரி பிடிப்பவன். அவன் கைவைத்தால் கல்லோடு சேர்த்து மரத்தின் பாதி வேரும் போகும். அவன் ஒருபக்கம் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, ஒருபக்கம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு என் அம்மாவைத் தேய்ப்பானா?

"குடுங்க இங்க" என்றேன். பிடுங்காத குறையாக வாங்கினேன்.

தேய்த்தேன். உருப்பெருக்கிக்குள் அந்தக் கல் என் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது. ஓவியக்காரி அதன் நடுவே அரைத்து அரைத்துத் தேய்ந்த குழிவைக்கூட விடாமல் செதுக்கியிருந்தாள். அந்தக் குழிவு முதலில் போனது. பிறகு ஓரங்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் உருப்பெருக்கி மங்கிவிடும், அதனால் அழவில்லை. அதிகாரியைத் திட்டினேன், லாரிகளைத் திட்டினேன், சாய்ந்த கல்லை நிமிர்த்தாத அப்பாவைக்கூடத் திட்டினேன். கல் முழுவதும் போனபிறகும் நிறுத்தவில்லை. மற்ற புல்தரையெல்லாம் பனி படிந்தது போல் மங்கலாக இருக்க, அந்த இடத்தை மட்டும் கண்ணாடியாக்கினேன். நாணயத்தைக் கையில் எடுக்கிற எவனுக்கும் முதலில் அந்த வெற்றிடம்தான் கண்ணில் குத்த வேண்டும். அதிகாரிக்கு மறுபடி ஒரு சோதனை நாணயம் அனுப்பினார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது, தண்ணீர் தேங்கிய மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாராம். பாவி.

அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் தினமும் கேட்டார். "மெருகு போட்டாச்சா? கல்லு நல்லா தெரியுதா?" நான் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே "ம்" என்பேன். "எதுக்கு இப்படிச் சத்தம் போடறே, பாத்திரம் என்ன பண்ணுச்சு உன்னை?" என்பார்.

எங்கள் நாணயச்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. புது நாணயத்தின் முதல் அடிக்கு விருந்தாளியைக் கூப்பிட்டு அழுத்துப்பொறியின் பொத்தானை அவர் கையால் அழுத்தச் சொல்வார்கள். அன்றைக்கு வேலைக்காரர்களும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரலாம். அப்பா வருவேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல நூறு காரணம் தேடினேன். படி, தூசி, இயந்திரச் சத்தம். அவர் கேட்கவில்லை. "அந்த ஆபீசர் வருவாரில்ல? நேர்லயே கேட்டுடறேன். கல்லைக் காட்டிக் கேட்டா தலையாட்டித்தானே ஆகணும்" என்றார். வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்து வைத்திருந்தார்.

வாடகை வண்டியில் போகும்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊர் உலகத்தையெல்லாம் கேட்கிற வாய்க்கு அன்றைக்குப் பூட்டு விழுந்துவிட்டது.

பொறி அறையில் கூட்டம். மெதுவா புதுச் சட்டையில் இருந்தார். புகைப்படக்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அதிகாரி பொத்தானை அழுத்தினார். பொறி ஒருமுறை தரையை அதிரவைத்தது. நான் கையுறைக் கையால் நாணயத்தை விளிம்பில் பிடித்து எடுத்துத் துணித்தட்டில் வைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அது முதல் நாணயம், பூங்கா வாசலில் இருக்கும் காட்சிக்கூடத்துக்குப் போகப்போகிறது என்று அறிவித்தார்கள். "மனுஷக் கால் படாத" என்று அதிகாரி மறுபடி தொடங்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு புகைப்படக்காரன் ஒருவன், "சார், யாராவது பெரியவர்கிட்ட குடுக்கிற மாதிரி ஒரு படம்" என்றான். நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் என் அப்பாதான். அவர் யாரென்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? சிரித்த முகமாகப் போய், நாணயத்தை அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தோளில் கைபோட்டு நின்றார். விளக்குகள் மின்னின.

அப்பா நாணயத்தை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். மரத்தைக் கண்டுபிடித்தார். அவர் உதடு அசைந்தது. பிறகு நாணயத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"கல்லு எங்கம்மா?" என்றார்.

அதிகாரி இன்னும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கதானே இருந்துச்சு. மரம் இருக்கு. கல்லை யாரு எடுத்தது?"

"நான்தாம்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சொல்லப்போவதில்லை. அது எனக்கும் அவருக்கும்.

"நான்தான் எடுத்தேன்!" இப்போது கத்தினேன். பூட்டு உடைந்துவிட்டது. "இதோ உங்க தோள்ல கைபோட்டு நிக்கிறாரே, இவர்தான் எடுக்கச் சொன்னாரு. அது சமாதின்னு தெரிஞ்சப்புறம்தான் எடுக்கச் சொன்னாரு. தெரியாதவரைக்கும் அழகா இருந்துச்சாம், தெரிஞ்சதும் நெரிசலாப் போச்சாம்!"

அதிகாரி தோளிலிருந்து கையை எடுத்தார். "ஐயாவோட கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே நாணயத்தை வாங்கக் கையை நீட்டினார்.

அப்பா கொடுக்கவில்லை. அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே கிடையாது, அன்றைக்கும் போடவில்லை. வலது கட்டைவிரலை எடுத்து, நான் கண்ணாடியாக்கி வைத்திருந்த அந்த இடத்தின் மேல் வைத்தார். மண்ணை மிதித்து இறுக்குவது போல அழுத்தினார். மூச்சு வாங்கியது, அப்போதும் விடவில்லை.

"இங்க" என்றார் அதிகாரியைப் பார்த்து. "இங்கதான் அவ இருக்கா. நீ எடுத்தா இல்லாமப் போயிடுவாளா?"

"ஐயோ, விரல்! விரல்!" என்று எங்கள் ஆட்கள் பதறினார்கள். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியின் சமாதியைக் கேட்கிறான், அதற்கு ஒருவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி மெருகில் விரல் பட்டதற்கு ஒரு அறையே அலறுகிறது. இந்தப் பிழைப்பைத்தான் நானும் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி நாணயத்தை அவசரமாக வாங்கி, பெட்டியில் வைத்து மூடி, உதவியாளரிடம் கொடுத்துவிட்டார். மேற்பார்வையாளர் மெதுவா என் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளியில் பட்ட வெறும் விரலை உடனே கழுவினால் போய்விடும். விட்டுவிட்டால் வியர்வை உள்ளே இறங்கும். நாளாக நாளாக ரேகை ரேகையாகக் கறுக்கும். அதன்பிறகு துடைத்தால் மெருகுதான் போகும், ரேகை போகாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது.

"என்ன, ஏதாவது சொல்லணுமா?" என்றார் அதிகாரி, மெதுவாவின் முகத்தைப் பார்த்து.

மெதுவா என் அப்பாவைப் பார்த்தார். அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் மெதுவா. "மெதுவாச் சொல்லிக்கலாம்."

என்னை மெருகு மேசையிலிருந்து எடுத்து, பெட்டிகளுக்கு உறை போடும் அறைக்கு மாற்றினார்கள். அனுமதி வரவில்லை. பரிசீலிக்கிறார்கள், இன்னும் பரிசீலிக்கிறார்கள். அப்பா அதுவரை காத்திருக்கவில்லை. பேருந்துப் பணிமனைச் சுவரை ஒட்டிய நகரத்து இடுகாட்டில்தான் வைத்தோம். சவப்பெட்டியை இறக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் எவனோ ஹாரனைச் சோதித்துக்கொண்டிருந்தான். சுவர் மேல் ஏறிப்போய் அவனை அறையலாம் போலிருந்தது. ஓவியக்காரிதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்ததும் பூங்காவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். காட்சிக்கூடம் வாசலிலேயே இருக்கிறது, அதைத் தாண்டினால் அதே சங்கிலி. கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், அந்த நாணயம். ஏரி மின்னியது. மான் வெண்மையாக நின்றது. மரத்தடியில் மட்டும், கருநீலமாக, ஒவ்வொரு ரேகையும் எண்ணிவிடலாம் போல, அப்பாவின் கட்டைவிரல். அதுவும் இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் காவலாளியிடம், "இதென்ன, இங்க மட்டும் கறுப்பா?" என்று கேட்டாள்.

"அழுக்கும்மா. ஆள் வச்சுத் துடைச்சுப் பாத்துட்டாங்க. எத்தனை தடவை துடைச்சும் போகமாட்டேங்குது" என்றான் காவலாளி.

"யோவ்" என்றேன். கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது அழுக்கு இல்ல. எங்கப்பா."